ஜெபித்தும் பதில் வரவில்லையென்றால் எப்படி முடிவெடுப்பது?

முதலில் உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 31. வேறு நாட்டில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது. போகிறீர்களா இல்லையா என்று 14 நாளில் சொல்லியாக வேண்டும். போனால் அம்மா தனியாக இருப்பார், அவருக்குச் சர்க்கரை வேறு. மூன்று வாரமாக ஜெபிக்கிறீர்கள், இரண்டு நாள் உபவாசமும் இருந்தீர்கள். எந்த வசனமும் "பேசவில்லை", எந்த அடையாளமும் வரவில்லை. போதகரோ "கர்த்தரை நம்புங்கள்" என்கிறார். நம்புவது என்றால் என்னதான் செய்வது, பதில் வராததற்கு என் விசுவாசக் குறைவுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இல்லை. வேதாகமத்தில் எரிகிற முட்செடி ஒன்றுதான். ரூத் தன் மாமியாரோடு பெத்லகேமுக்குக் கிளம்பியபோது எந்தத் தூதனும் வரவில்லை, எந்தச் சொப்பனமும் இல்லை. மாமியார் "திரும்பிப் போ" என்று சொல்லியும் கேட்காமல் கிளம்பினாள். அந்த முடிவில்தான் தாவீதின் வம்சமே நிற்கிறது. குரல் கேட்டவர்களின் கதைகள் நம் மனதில் தங்கிவிட்டதால், குரல் கேட்பதுதான் வழக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இருபது வருடத்துக்கு மேலாகச் சபையில் இளையவர்களோடு உட்கார்ந்து இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். படிப்பு, வேலை, கல்யாணம், ஊழியம் என்று விஷயம்தான் மாறும். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். "தேவ சித்தம் என்ன?" என்று நாம் கேட்கும்போது பாதி நேரம் உள்ளுக்குள் கேட்பது வேறொன்று: "பின்னால் நான் வருத்தப்பட மாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள்." அப்படி ஒரு பத்திரத்தை அவர் யாருக்கும் எழுதிக் கொடுத்ததாக நான் வாசித்ததில்லை. ஆபிரகாம் 75 வயதில், போகிற இடம் இன்னதென்று தெரியாமல் கிளம்பினார். அந்த அளவுக்குத் தெளிவான அழைப்பு வேறு யாருக்கு வந்திருக்கிறது? ஆனால் ஆதியாகமம் 12-ம் அதிகாரத்தையே தொடர்ந்து வாசியுங்கள். வந்து சேர்ந்த தேசத்தில் பஞ்சம். பத்தாம் வசனத்தில் மனிதர் எகிப்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

பவுலின் கதை இன்னும் கூர்மை. ஆசியாவில் பிரசங்கிக்கத் தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், அதற்கும் ஆவியானவர் விடவில்லை. துரோவாவில் இராத்திரி ஒரு தரிசனம்: மக்கெதோனியா தேசத்தான் ஒருவன் நின்று "வந்து உதவி செய்யும்" என்கிறான். அதைவிடப் பச்சையான வழிநடத்துதல் கிடையாது. போனார்கள். முதல் பெரிய ஊரான பிலிப்பியில் துணியைக் கிழித்து, தடியால் அடித்து, உட்காவலறையில் தொழுமரத்தில் காலை மாட்டினார்கள். நம்மில் ஒருவராக இருந்திருந்தால் அந்த இராத்திரி கூட மாட்டிக்கொண்ட சீலாவைப் பார்த்து, "நாம் தரிசனத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டோமோ?" என்று கேட்டிருப்போம். சரியான முடிவுக்கு அடையாளம் சுகமான பலன் என்று நாம் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம் பாருங்கள், அந்தக் கணக்கு இங்கேயே தவறிவிடுகிறது.

சரி, அடையாளத்துக்கு வருவோம். உங்களுக்கும் யாராவது கிதியோனைக் காட்டியிருப்பார்கள். மயிருள்ள தோலைக் களத்தில் போட்டான். முதல் இராத்திரி தோல் மட்டும் நனைந்து, பிழிந்தால் ஒரு கிண்ணம் தண்ணீர். மறு இராத்திரி தோல் மட்டும் காய்ந்து, தரையெல்லாம் பனி. இதைக் காட்டி "நாமும் அடையாளம் கேட்கலாம்" என்பார்கள். ஆனால் தோலைப் போடுவதற்கு முன்பே அவனுக்கு உத்தரவு வந்தாகிவிட்டது. "போ, நான் அனுப்புகிறேன்" என்று கேட்டுவிட்டு வந்தவன் அவன். என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் தோலைப் போடவில்லை. தெரிந்தும் பயம் விடாததால் போட்டான். இரண்டாவது தடவை கேட்கும்போது "கோபப்படாதேயும்" என்று அவனே சொல்லிக்கொள்கிறான். கர்த்தர் கோபப்படாமல் செய்துகொடுத்தது அவருடைய தயவு. அதை வழிமுறையாக எடுத்துக்கொள்ள முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி ஒருமுறை, "நாளைக் காலை பத்து மணிக்குள் போன் வந்தால் இந்த வேலைக்குப் போகிறேன்" என்று ஜெபித்துவிட்டுப் படுத்தான். யார் கூப்பிட வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டான். ஒன்பது ஐம்பதுக்கு போன் அடித்தது. கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்கிற ஆள். இது அடையாளத்தில் சேர்த்தியா இல்லையா என்று கேட்க அன்றைக்கே என்னிடம் வந்தான். சிரிக்காமல் இருக்க நான் பட்ட பாடு!

அடையாளம் கேட்ட எல்லோரும் இப்படிக் கேட்டதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஈசாக்குக்குப் பெண் பார்க்கப் போன ஊழியக்காரன் கேட்டது வேறு ரகம். குடிக்கத் தண்ணீர் கேட்டால், கேட்காமலே ஒட்டகங்களுக்கும் வார்க்கிறேன் என்று சொல்கிற பெண்ணாக இருக்கட்டும் என்றான். அவனோடு பத்து ஒட்டகம். பயணக் களைப்பில் நிற்கிற பத்து ஒட்டகத்துக்குக் கிணற்றில் இறங்கி ஏறி, குடம் குடமாக மொண்டு ஊற்றுவது விளையாட்டில்லை. அந்த அடையாளத்துக்குள்ளேயே பெண்ணின் குணம் தெரிந்துவிடுகிறது. காக்கை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்க்கிற மாதிரி அவன் கேட்கவில்லை. நீங்களும் அடையாளம் கேட்டே தீர வேண்டுமென்றால் இந்த ரகத்தில் கேளுங்கள்: அந்த நிறுவனம் நேர்மையாக நடக்கிறதா, கேட்ட கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்கிறார்களா, அங்கே வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் என்ன சொல்கிறார்கள்?

இதோடு சேர்ந்த இன்னொன்று "கதவு திறந்தது". திறந்த கதவெல்லாம் அவர் திறந்ததென்று எடுத்துக்கொள்ள முடியாது. நினிவேக்குப் போகச் சொன்னால் யோனா யோப்பா துறைமுகத்துக்குப் போகிறான். அங்கே தர்ஷீசுக்குப் போகிற கப்பல் தயாராக நிற்கிறது, கூலி கொடுக்கக் கையில் காசும் இருக்கிறது. அவன் மட்டும் சாட்சி சொல்ல நின்றிருந்தால், கர்த்தர் எவ்வளவு அற்புதமாக வாசலைத் திறந்தார் பாருங்கள் என்றிருப்பான். தாவீதுக்கும் அப்படித்தான். அவனைக் கொல்லத் தேடிக்கொண்டிருந்த சவுல் ராஜா என்கேதி குகையில் தனியாக, தாவீதின் கைக்கெட்டும் தூரத்தில். கூட இருந்தவர்கள் "கர்த்தர் சொன்ன நாள் இதுதான்" என்று வசனத்தோடே சொன்னார்கள். தாவீது அங்கியின் ஓரத்தை அறுத்தான். அதற்கே அவன் மனம் அடித்துக்கொண்டது. கதவு திறந்துதான் இருந்தது, அவன் நுழையவில்லை. பவுலோ எபேசுவிலிருந்து எழுதும்போது, பெரிய கதவு திறந்திருக்கிறது, எதிரிகளும் நிறையப் பேர் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்.

அப்புறம் "சமாதானம்". "ஜெபித்தேன், மனதில் சமாதானம் வந்தது, அதனால் முடிவெடுத்தேன்" என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்போம். இங்கேதான் என் சொந்தக் கதை.

எனக்கு 27 வயது. மேலாளரோடு ஒத்துப்போகவில்லை. ஆறு மாதம் தினமும் புகைச்சல். ஒரு நாள், "கர்த்தர் என்னை வெளியே வரச் சொல்கிறார்" என்று வீட்டிலும் சபையிலும் அறிவித்துவிட்டு ராஜினாமாவைக் கொடுத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் நடந்து வீடு திரும்பும்போது உடம்பே லேசாக இருந்தது. மனைவியிடம், "எவ்வளவு சமாதானம் தெரியுமா" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வங்கிப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்த லேசான உணர்வு மூன்று நாள்கூட நிற்கவில்லை. எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தபோதுதான் புரிந்தது, அன்றைக்கு வந்தது அந்த ஆளின் முகத்தை இனிப் பார்க்க வேண்டாம் என்கிற நிம்மதி. என் கோபத்துக்குக் கர்த்தரின் பெயரைச் சூட்டியிருந்தேன். வேலையை விட்டது தப்பென்றுகூட இப்போது சொல்ல மாட்டேன். விட்ட விதமும், யாரும் மறுத்துப் பேச முடியாதபடி அவர் பெயரை முன்னால் நிறுத்தியதும் தப்பு.

யோனா கப்பலின் கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்கினான். கெத்செமனேயில் இயேசுவுக்கு வியர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்தது. ஒரே ஜெபத்தை மூன்று தடவை செய்தார். இந்த இரண்டு பேரில் அந்த நேரத்தில் "சமாதானம்" இருந்தது யாருக்கு, பிதாவின் சித்தத்தில் இருந்தது யார்? வயிற்றைப் பிசைகிறது என்பதற்காக ஒரு முடிவு தப்பாகிவிடாது.

அதற்காக மனதில் ஓடுவதைக் கவனிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்படிக் கவனிப்பது என்பதற்கு ஒரு பழைய ஆசான் இருக்கிறார், கத்தோலிக்கப் புனிதரான லொயோலா இஞ்ஞாசியார். (பெந்தெகொஸ்தே நண்பர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.) போர்வீரர். 1521-ல் பம்பலோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கி மாதக்கணக்கில் படுக்கை. வாசிக்கக் கிடைத்தது கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் கதைகளும்தான். படுத்தபடி இரண்டு விதமாகப் பகற்கனவு காண்பார். ஒன்றில் வீரசாகசம் செய்து ஒரு சீமாட்டியின் மனதைக் கவர்வது. இன்னொன்றில் புனிதர்களைப் போல எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போவது. காணும்போது இரண்டுமே இனித்தன. முடிந்த பிறகு முதலாவது மனதை வறட்சியாக விட்டுவிட்டுப் போனது. இரண்டாவதின் மகிழ்ச்சி தங்கியது. அந்த வேறுபாட்டைக் கவனித்ததிலிருந்துதான் 1548-ல் அச்சான அவருடைய ஆன்மிகப் பயிற்சிகளின் பெரும்பகுதி பிறந்தது. எந்த எண்ணம் இப்போது இனிக்கிறது என்பதைவிட, போன பிறகு எதை விட்டுச்செல்கிறது என்று பாருங்கள். மூன்று நாள் "போகிறேன்" என்று முடிவெடுத்தவராகவே நடமாடுங்கள். அடுத்த மூன்று நாள் "போகவில்லை" என்று. யாரிடமும் சொல்ல வேண்டாம். இராத்திரி படுக்கும் முன் இரண்டு வரி எழுதி வையுங்கள். இந்த மூன்று நாள் கணக்கு என்னுடையது, அவர் தலையில் கட்ட வேண்டாம்.

அவர் சொன்ன வேறு இரண்டும் உங்களுக்கு உதவும். முன்பின் பார்க்காத ஒருவர் இதே நிலைமையில் வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள், அதையே செய்யுங்கள் என்பது ஒன்று. மனம் இருண்டு கிடக்கிற காலத்தில் எதையும் மாற்றாதீர்கள், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவிலேயே நில்லுங்கள் என்பது இன்னொன்று. எலியா சூரைச்செடியின் கீழ் "போதும், சாகிறேன்" என்று படுத்தபோது கர்த்தர் அவனோடு விவாதிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தார். பேச்சு அதற்குப் பிறகுதான், 40 நாள் கழித்து. உபவாசத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நீங்கள் நன்றாகத் தூங்குகிறீர்களா என்பதை எழுதவில்லை.

உங்களுக்கு ஒரே ஒருவரின் கதையைச் சிபாரிசு செய்யச் சொன்னால் நெகேமியாவைச் சொல்வேன். பெர்சிய ராஜாவிடம் வேலை பார்த்தவர். எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்து கிடக்கிறது என்று கிஸ்லேவு மாதத்தில் கேள்விப்படுகிறார். அழுகிறார், உபவாசிக்கிறார். ராஜா அவரிடம் "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்பது நிசான் மாதத்தில். நடுவில் ஏறக்குறைய நான்கு மாதம். அந்தக் கேள்வி வந்ததும் ஒரு நொடி பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபிக்கிறார், உடனே வாய் திறக்கிறார். அப்போது அவர் கேட்டதைப் பாருங்கள்: எத்தனை நாள் ஆகும் என்று கணக்குச் சொல்கிறார். வழியிலுள்ள அதிபதிகளுக்குக் கடிதம் கேட்கிறார். ராஜாவின் வனக்காவலன் ஆசாப்புக்குத் தனிக் கடிதம், கதவுகளுக்கு மரம் தரச் சொல்லி. அந்த ஆளின் பெயர் வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறார்! நான்கு மாதமாக முழங்காலில் இருந்தவர் தலையையும் பயன்படுத்திக்கொண்டிருந்தார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். எருசலேமுக்குப் போய்ச் சேர்ந்ததும் யாரிடமும் சொல்லாமல் இராத்திரியில் சுற்றிப் பார்க்கிறார். ஓரிடத்தில் ஏறி வந்த மிருகம் போகக்கூட வழியில்லை. 52 நாளில் அலங்கம் முடிந்தது.

ஆகவே ஒப்பந்தத்தை வரிவரியாக வாசிப்பதும் ஜெபம்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை வருடம், நடுவில் விட்டால் என்ன ஆகும், வருடத்துக்கு எத்தனை நாள் விடுமுறை, அவசரத்துக்கு உடனே வர விடுவார்களா, அம்மாவை அழைத்துக்கொள்ள அந்த நாட்டுச் சட்டத்தில் இடமுண்டா, அவரை வாரத்துக்கு இரண்டு முறை நேரில் பார்க்கிற ஆள் யார்? இவற்றில் பாதிக்கு விடை தெரியாமல், "போகவா வேண்டாமா" என்று மட்டும் கேட்டால், கர்த்தர் பதில் சொன்னாலும் உங்களுக்கு விளங்காது. யாக்கோபு ஞானத்தைக் கேட்கச் சொல்கிறார். ஞானம் இப்படி விசாரிக்கும்போதுதான் வருகிறது.

சீட்டுப் போட்டுப் பார்க்கலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். சீஷர்கள் யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டு எடுத்தார்கள், அப்போஸ்தலர் முதல் அதிகாரத்தில். இரண்டாம் அதிகாரத்தில் ஆவியானவர் வந்த பிறகு அவர்கள் சீட்டெடுத்ததாக ஒரு இடமும் இல்லை. 15-ம் அதிகாரத்தில் அதைவிடப் பெரிய விஷயம் வந்தபோது உட்கார்ந்து நெடுநேரம் வாதாடினார்கள். முடிவில் எழுதிய கடிதம், பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் இது நலமென்று கண்டது என்கிறது. ஐரோப்பாவின் பழைய புராட்டஸ்டன்ட் சபைகளில் ஒன்றான மொரேவியச் சபையார் 18-ம் நூற்றாண்டில் கல்யாணத்துக்கே சீட்டெடுத்தவர்கள். பிற்பாடு அவர்களும் கைவிட்டார்கள். வேண்டாம்.

இப்போது பலருக்குப் பிடிக்காத ஒன்று. போவது, இருப்பது, இரண்டுமே கர்த்தருக்குப் பிரியமாக இருக்கலாம். விதவையான ஒருத்தி தனக்கு இஷ்டமானவரை மணக்கலாம், கர்த்தருக்குட்பட்டவராக மட்டும் இருக்க வேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். கல்யாணம் என்கிற அவ்வளவு பெரிய விஷயத்திலேயே எல்லையைக் காட்டிவிட்டு, உள்ளே இஷ்டம்போல் நட என்று விட்டுவிட்டார். பொய், ஏமாற்று, பெற்றவரைக் கைவிடுவது எல்லாம் எல்லைக்கு வெளியே. அதற்கு ஜெபித்துக் காத்திருக்க வேண்டியதில்லை. எல்லைக்குள் நீங்கள் நடமாடலாம். தேவ சித்தம் கம்பிமேல் நடக்கிற வித்தை என்று யாரோ உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

சரி, தப்பாகவே முடிவெடுத்துவிட்டால்? யோசுவா 9-ம் அதிகாரம். கிபியோனியர் பழைய செருப்பும் பூசணம் பிடித்த அப்பமுமாக, தூர தேசத்திலிருந்து வருகிறோம் என்று ஏமாற்றி யோசுவாவிடமும் இஸ்ரவேலரிடமும் உடன்படிக்கை வாங்கிவிடுகிறார்கள். இஸ்ரவேலர் கர்த்தரிடம் கேளாமல் இதைச் செய்தார்கள் என்று வேதமே சொல்கிறது. சுத்தத் தவறு. இதை மட்டும் பிரசங்கித்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். அடுத்த அதிகாரத்தில் அதே கிபியோன்மேல் ஐந்து ராஜாக்கள் படையெடுத்து வருகிறார்கள். கொடுத்த வாக்குக்காக யோசுவா இராத்திரி முழுக்க நடந்து போகிறான். கர்த்தரோ வானத்திலிருந்து கல்மழை பெய்து அவனுக்காகச் சண்டை போடுகிறார். தன்னைக் கேட்காமல் செய்த ஒப்பந்தத்தைக் காப்பாற்றத்தான் அந்தக் கல்மழை. கர்த்தரை நம்புங்கள் என்று உங்கள் போதகர் சொன்னதற்கு இந்த அர்த்தம் இருந்தால் நானும் ஆமென் சொல்வேன். உங்கள் முடிவு பிசகாது என்று நம்பச் சொல்வதாக இருந்தால், அவரோடு நான் ஒத்துப்போகவில்லை.

ஒன்று மிச்சம். உங்கள் கேள்வியை மூன்று தடவை வாசித்தேன். அம்மாவின் சர்க்கரை, அம்மாவின் தனிமை, அம்மாவை விட்டுப் போவது பாவமா என்று ஐந்து இடத்தில் அம்மா வருகிறார். அவர் என்ன சொன்னார் என்பது ஒரு இடத்திலும் இல்லை. ஈசாக்குக்குப் பெண் பார்க்கப் போன அந்த ஊழியக்காரனுக்குக் கேட்ட அடையாளம் கிடைத்தது, பெண் வீட்டார் "இது கர்த்தரால் வந்தது" என்றும் சொன்னார்கள். அப்படியிருந்தும் மறுநாள் ரெபெக்காளைக் கூப்பிட்டு, "இந்த மனிதனோடே போகிறாயா?" என்று கேட்ட பிறகுதான் அனுப்பினார்கள். இன்றைக்குச் சாயங்காலமே அம்மாவிடம் கேளுங்கள். "எனக்கென்ன, நீ போ" என்று சட்டென்று சொல்லிவிட்டால் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். பிள்ளைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று சொல்கிற "போ"வும் உண்டு. இரண்டு நாள் விட்டு, வேறு வேலையாக இருக்கும்போது இன்னொரு தடவை கேளுங்கள்.